குழாய் ஏன் விளிம்புக்கு மேலே நிற்கிறது?

கேள்வி: வாஷ்பேசினில் குழாயின் வாய் எப்போதும் விளிம்புக்கு மேலேயே இருக்கிறது. கொஞ்சம் தாழ்த்தி வைத்தால் தண்ணீர் தெறிக்காதே? இந்த வழக்கம் எப்படி வந்தது?

பதில்: தாழ்த்தி வைத்தால் தெறிப்பது குறையும், உண்மைதான். ஆனால் பேசின் அடைத்துக்கொண்டு நிரம்பும் நாளில் குழாயின் வாய் அழுக்குத் தண்ணீரில் முங்கிவிடும். அந்த நேரம் பார்த்துத் தெருக் குழாயில் அழுத்தம் விழுந்தால், கை கழுவிய தண்ணீர் குழாய்க்குள் ஏறி அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேரும். வரும் வழி, போகும் வழி என்ற பேதமெல்லாம் குழாய்க்குத் தெரியாது. அழுத்தம் எந்தப் பக்கம் அதிகமோ, அங்கிருந்து மறுபக்கம் ஓடுவதுதான் தண்ணீரின் குணம். குழாய்க்குள் வெற்றிடம் ஏற்பட்டால், நம்மைச் சுற்றியுள்ள காற்றே தன் எடையால் தண்ணீரைச் சுமார் 10 மீட்டர் உயரத்துக்குத் தள்ளவல்லது. இத்தாலியின் டாரிச்செல்லி 1644இலேயே இதை விளக்கிவிட்டார். மூன்று மாடி ஏற அது போதும். ஆக, அந்த விரற்கடை இடைவெளி அழகுக்காக வந்ததல்ல. காய்ச்சலிலும் சாவிலும் கற்ற பாடம் அது.

அந்தப் பாடத்தின் தொடக்கப் பக்கங்களில் ஒன்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருக்கிறது. 1873இல் அங்குள்ள கையஸ் கல்லூரி மாணவர்களிடையே டைஃபாய்டு பரவியது. நோயாளிகளில் பெரும்பாலோர் ‘ட்ரீ கோர்ட்’ என்ற கட்டடத்தில் தங்கியிருந்தவர்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், சில ஆண்டுகளுக்கு முன்புதான் கட்டி முடித்த புத்தம்புதிய கட்டடம் அது. பழைய கட்டடங்கள் ஏறக்குறையத் தப்பிவிட்டன. விசாரிக்க வந்த அரசு மருத்துவர் ஜார்ஜ் புகானன், கழிவறைக்குத் தண்ணீர் வரும் குழாயைப் பார்த்தார். இடையில் தொட்டி எதுவும் இல்லாமல், குடிநீர்க் குழாயிலிருந்தே அது நேராகக் கிளை பிரிந்து வந்திருந்தது. சப்ளை நின்ற நேரங்களில் கழிவறைப் பக்கத்து அசுத்தத்தைக் குடிநீர்க் குழாய் உறிஞ்சிக்கொண்டது என்பது அவர் முடிவு. கழிவறைக்குத் தனித் தொட்டி வைத்து, தண்ணீர் மேலிருந்து அதில் விழும்படி செய்வதன் காரணம் இங்கே பளிச்சென்று தெரிகிறது.

‘அது குளோரின் கலக்காத காலம், இன்று அந்தப் பயம் எதற்கு?’ என்று கேட்கலாம். 1933 சிகாகோ இதற்குப் பதில் சொல்கிறது. உலகக் கண்காட்சிக்காக அந்த ஊருக்கு வந்தவர்கள் அடுத்தடுத்து இருந்த இரண்டு பெரிய ஹோட்டல்களில் தங்கினார்கள். நகரக் குடிநீரில் அப்போதே குளோரின் உண்டு. ஆனால் அந்தக் கட்டடங்களின் பழைய குழாய்களில் சாக்கடையும் குடிநீரும் கலக்க வழி இருந்தது. சுமார் 1,400 பேருக்கு அமீபா சீதபேதி வந்தது. 98 பேர் இறந்தார்கள். ஊர் திரும்பிய பிறகே பலருக்கு நோய் வெளிப்பட்டதால் உள்ளூர் மருத்துவர்களுக்குக் காரணம் பிடிபடவில்லை. குடல்வால் அழற்சி என்று நினைத்து வயிற்றை அறுத்ததும் உண்டு. சாதாரண அளவு குளோரினுக்கு அமீபாவின் கூடுகள் சாவதில்லை. தவிர, சுத்திகரிப்பு நிலையத்தில் கலக்கும் மருந்து, அதற்குப் பிறகு வழியில் மொத்தமாக நுழையும் சாக்கடைக்கு ஈடுகொடுக்கும் என்று எதிர்பார்ப்பதே தவறு.

அடுத்த ஆட்சேபம் இன்னும் வலுவானது: 24 மணி நேரமும் அழுத்தத்தோடு தண்ணீர் வரும் ஊரில் இது நடக்காதே? நடந்திருக்கிறது. அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் உள்ள ஹோலி கிராஸ் கல்லூரியில், 1969இல் அமெரிக்கக் கால்பந்து அணியே மஞ்சள்காமாலையில் படுத்தது. ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களுமாக 97 பேரில் 90 பேருக்குத் தொற்று. இரண்டு ஆட்டங்களோடு அந்த ஆண்டுப் போட்டிகளைக் கைவிட்டார்கள். அவர்கள் குடித்த குழாயின் பாதையில், மைதானத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் வால்வுகள் தரைமட்டத்துக்குக் கீழே குழிகளில் இருந்தன. நோய்த்தொற்று இருந்த குழந்தைகள் அங்கே விளையாடியதில் குழியில் தேங்கிய நீர் கெட்டிருந்தது. பக்கத்தில் எங்கோ தீ. தீயணைப்பு வண்டிகள் தண்ணீரை இழுத்தன, அழுத்தம் சரிந்தது, குழியில் கிடந்தது குடிநீர்க் குழாய்க்குள் போனது. குடிநீர் நிர்வாகம் ஒழுங்காகத்தான் தண்ணீர் விட்டது. ஒரு தீவிபத்து போதுமானதாக இருந்தது.

சரி, ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போட்டால் தீர்ந்ததா? வால்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதன் ரப்பர் தேயும், இடுக்கில் மணல் சிக்கும். கெட்டுப்போனது வெளியே தெரியாது. ஆபத்து அதிகமுள்ள இடங்களில் இரண்டு வால்வுகளை வரிசையாக வைத்து, நடுவே ஒரு வடிகால் வால்வையும் பொருத்துகிறார்கள். உள்ளே ஏதாவது கசிந்தால் தண்ணீர் தரையில் கொட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். அமெரிக்க நகரங்கள் பலவற்றில் இதை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்பது விதி. இத்தனை கெட்டிக்காரக் கருவியிலும் அந்த வடிகாலின் வாய்க்குக் கீழே ஒரு காற்று இடைவெளி விட்டாக வேண்டும்! இடைவெளிக்குத் தேய்மானம் இல்லை, சோதனை செய்யக் கருவி வேண்டாம். கண்ணால் பார்த்தாலே போதும். குழாய் வாயின் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு, குறைந்தது ஓர் அங்குலம் என்பது அமெரிக்கக் கணக்கு. குறை ஒன்று உண்டு: தொட்டியில் விழுந்ததும் தண்ணீர் தன் அழுத்தத்தை இழந்துவிடும், மறுபடி மோட்டார் போட்டு ஏற்ற வேண்டும். ஆஸ்பத்திரிக்கும் சாயப்பட்டறைக்கும் இந்தச் செலவு தகும் என்பேன்.

நம் ஊர்களில் இந்தச் செலவை ஏற்கெனவே செய்துவிட்டோம். ஏனென்றால் தண்ணீர் நேரம் வைத்துத்தான் வருகிறது. சம்ப்பில் பிடித்து மாடித் தொட்டிக்கு ஏற்றுகிறோம். அழுத்தம் விழுவது நமக்கு விபத்தல்ல, அன்றாட நிகழ்ச்சி. போதாக்குறைக்கு, குடிநீர்க் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சட்டவிரோதம் என்பதோடு, தெருக் குழாயின் விரிசல் வழியே சாக்கடையையும் சேர்த்து இழுக்கும் வேலை. உங்கள் வீட்டு சம்ப் மூடியைத் திறந்து, தண்ணீர் விழும் குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சத்தம் வராமலிருக்க அதைத் தரை வரை நீட்டியிருந்தால், நிறைமட்டத்துக்கு மேலே நிற்கும்படி பிளம்பரை விட்டு வெட்டச் சொல்லுங்கள். தெருக் குழாயில் மாட்டிய ஹோஸ் பைப்பை வாளிக்குள் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.