தண்ணீரில் நின்ற காரை மறுபடி ஸ்டார்ட் செய்யலாமா?

கேள்வி: பெருங்குடியில் வேலை, மடிப்பாக்கத்தில் வீடு. ஐப்பசி பிறந்தால் மாலையில் காரை ஓட்டிக்கொண்டு வீடு சேர்வதே பெரும்பாடு. "ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுக்காமல் வேகமாகப் போய்விடு, சைலன்சரில் தண்ணீர் ஏறாது" என்கிறார் அலுவலக நண்பர். பக்கத்து வீட்டுக்காரர் அப்படித்தான் போனார். நடுத்தண்ணீரில் வண்டி நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்ததும் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. இன்ஜினையே இறக்க வேண்டுமாம், இன்சூரன்ஸும் கிடையாதாம். நான் எப்படி ஓட்டுவது?
- வாசகி, மடிப்பாக்கம்

பதில்: உங்கள் நண்பர் வண்டியின் பின்பக்கத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார். ஆபத்து முன்பக்கத்தில் இருக்கிறது. இன்ஜின் ஓடும்வரை சைலன்சர் புகையை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும், அந்த வழியாகத் தண்ணீர் சுலபத்தில் ஏறாது. ஆனால் இன்ஜின் காற்றை இழுக்கும் குழாயின் வாய், பல கார்களில் முன் கிரில்லுக்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது. வேகமாகப் போனால் உங்கள் வண்டி எழுப்பும் அலையே பம்பர் மேல் ஏறி அந்த வாய்க்குள் போகும். எதிரே மாநகரப் பேருந்து வந்தால் அதன் அலையும் சேர்ந்துகொள்ளும்.

காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், மேலே ஏறும் பிஸ்டன் அதில் முட்டி நின்றுவிடும். கனெக்டிங் ராடு வளையும். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கேட்ட 'டக்' அநேகமாக அதுதான். வண்டி தானாக நின்றபோது இன்ஜின் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு. சாவியைத் திருப்பியதுதான் வினை.

ஆகவே தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யவே கூடாது, ஒரே ஒரு தடவைகூட. நியூட்ரலில் போட்டு, நாலு பேரைக் கூப்பிட்டு ஓரமாகத் தள்ளுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, இழுவை வண்டிக்குச் சொல்லுங்கள். மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றுவார். ஆயில் குச்சியை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம்.

போய்த்தான் ஆக வேண்டும் என்றால், முன்னால் போகும் பைக்கைப் பாருங்கள். அதன் சக்கரம் பாதி மூழ்கினால் நீங்கள் திரும்பிவிடுங்கள். சிறிய காரைத் தூக்கி மிதக்கவிட 30 செ.மீ. தண்ணீரே போதும். அதற்குக் குறைவு என்றால் ஏசியை அணைத்து, முதல் கியரில், கியர் மாற்றாமல், நடக்கும் வேகத்தில், சாலையின் நடுவிலேயே போங்கள். ஓரத்தில் மழைநீர் வடிகால் மூடி திறந்து கிடக்கலாம். புதிய கார்களில் சிக்னலில் இன்ஜினைத் தானாக அணைக்கும் வசதி இருக்கும், அதை முன்கூட்டியே நிறுத்திவிடுங்கள். பலர் மறப்பது இதைத்தான். தண்ணீரைத் தாண்டியதும் பிரேக்கை இரண்டு மூன்று தடவை மெல்ல அழுத்துங்கள், ஈரமான பிரேக் சரியாகப் பிடிக்காது. சுரங்கப்பாதைக்கு மட்டும் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. தண்ணீர் தேங்கியிருந்தால் இறங்கவே வேண்டாம்.

என்னைக் கேட்டால், அந்த மாதிரி நாளில் காரை அலுவலகத்திலேயே மேடான இடத்தில் விட்டுவிட்டு, ரயிலில் வேளச்சேரி வரை வருவது உத்தமம். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தியதைச் சிலர் கேலி செய்தார்கள். 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள் வேறென்ன செய்வார்கள்? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுருக்கிவிட்டோம். மிச்சத் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்ச் சேரும்வரை நம் தெருவில்தான் நிற்கும்.

இன்சூரன்ஸ் விஷயம். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாயும் வராது. முழுக் காப்பீடு இருந்தாலும், தண்ணீரில் மறுபடி ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் கெட்டது என்று தெரிந்தால் பொதுவாக மறுத்துவிடுவார்கள். அதற்கென்று 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் காப்பு தனியாக உண்டு. பெரும்பாலும் பாலிசியைப் புதுப்பிக்கும்போதுதான் அதைச் சேர்க்க முடியும், பழைய கார்களுக்குப் பல நிறுவனங்கள் தருவதில்லை. உங்கள் பாலிசியில் அது இருக்கிறதா என்று மழைக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.