நத்தை கொண்டுவந்த கடிதம்

கயல் கண்ணு,

நான் அனுப்பின புத்தகம் வந்து சேர்ந்ததென்று உன் அம்மா சொன்னாள். படங்களை மட்டும் புரட்டிவிட்டு, "படிச்சு முடிச்சுட்டேன்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாயாமே! உன்னை எனக்குத் தெரியாதா? மொத்தமே 64 பக்கம், ஐந்து கதை. ராத்திரிக்கு ஒன்றாகப் படி. சாப்பாட்டுத் தட்டுப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதே, தங்கம்.

கதையும் படமும் ஒரே ஆள் கைவேலை: அமெரிக்காக்காரர் ஆர்னால்ட் லோபல். தவளையும் தேரையும் நண்பர்களாய் வரும் இந்த 'ஃப்ராக் அண்ட் டோட் ஆர் ஃப்ரெண்ட்ஸ்' 1970-ல் வந்தது. பிறகு இதே தவளையையும் தேரையையும் வைத்து இன்னும் மூன்று புத்தகம் எழுதினார்.

பொத்தான் கதையை முதலில் படி. தேரையின் கோட்டுப் பொத்தான் தொலைந்துபோகிறது. நடந்த வழியெல்லாம் தவளையும் கூடவே திரும்பி நடந்து தேடுகிறது. கிடைப்பதெல்லாம் வேறு யாருடைய பொத்தானோ. தேரைக்கு ஒரே கோபம். கடைசியில் பார்த்தால் அதன் பொத்தான் வீட்டுத் தரையிலேயே கிடக்கிறது! நண்பனை வீணாக அலைக்கழித்துவிட்டோமே என்று அதற்கு உறைக்கிறது. கிடைத்த பொத்தான்களையெல்லாம் கோட்டு முழுக்கத் தைத்து, மறுநாளே அந்தக் கோட்டைத் தவளைக்குக் கொடுத்துவிடுகிறது. இதைக் கவனி, கண்ணு. உன் சிநேகிதியோடு சண்டை வந்தால், "அவளே முதல்ல பேசட்டும்" என்று நாள்கணக்கில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறாயே, அந்தப் பழக்கம்தான் எனக்குக் கவலை. இப்போது அது விளையாட்டு. வளர்ந்தபின் அதுவே வருஷக்கணக்காகும். உறைத்த மறுநாளே போய்ப் பேசிவிடு.

ஐந்தாவது கதையில் தேரைக்கு யாருமே கடிதம் போடுவதில்லை. அது முகம் வாடி உட்கார்ந்திருப்பதைத் தவளை பார்க்கிறது. ஆறுதல் சொல்லிக்கொண்டு நிற்காமல் வீட்டுக்கு ஓடி, ஒரு கடிதம் எழுதி, எதிர்ப்பட்ட நத்தையிடம் கொடுத்தனுப்புகிறது. நத்தை வந்து சேர நாலு நாள்! அதற்குள் பொறுக்க மாட்டாமல், நீ என் உயிர் நண்பன் என்று எழுதியிருப்பதைத் தவளையே சொல்லிவிடுகிறது. அப்புறம் இரண்டும் வாசலில் சேர்ந்து உட்கார்ந்து அந்தக் கடிதத்துக்காகவே காத்திருக்கின்றன. விஷயம் தெரிந்துவிட்டதால் சந்தோஷம் ஒன்றும் குறைந்துவிடவில்லை, பார்த்தாயா? உன்னைப் பிடிக்கும் என்பதை எத்தனை தடவை சொன்னாலும் கேட்கிறவர்களுக்கு அலுக்காது.

ஊர் மாறிப்போன உன் பழைய சிநேகிதிக்கு இன்றைக்கே நாலு வரி எழுது. கோழி கிண்டின மாதிரி இருக்குமே உன் எழுத்து, பரவாயில்லை, அவள் படித்துக்கொள்வாள். தபால்தலை வாங்க அப்பாவிடம் காசு கேள். தரவில்லையென்றால் எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
அத்தை