மாலை போட்டால் மட்டும் முடிகிறதா? சிகரெட்டை நிறுத்த அக்கா சொல்லும் டிப்ஸ்

"என்னால விட முடியலைக்கா" என்று என்னிடம் புலம்பும் தம்பிகளில் பலர் கார்த்திகை பிறந்ததும் மாலை போடுகிறவர்கள். போட்ட அன்றே சிகரெட் நின்றுவிடுகிறது. விரதம் முடியும்வரை டீக்கடையில் நின்றாலும் கை அந்தப் பக்கம் போவதில்லை. மலைக்குப் போய்விட்டு ஊர் திரும்பி, மாலையைக் கழற்றிய கையோடு தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் போய் நிற்கிறார்கள். ரம்ஜான் மாதம் முழுக்கப் பகலில் ஒரு இழுப்புகூட இல்லாமல் இருக்கிற தம்பிகளும், தவக்காலத்து 40 நாளும் ஒதுங்கி இருக்கிற தம்பிகளும் இதைத்தான் செய்கிறார்கள்.

ஒரு விஷயம் தெரிந்துகொள். சிகரெட்டை நிறுத்தியதும் உடம்பு படும் பாடு முதல் மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்படியென்றால் மாலை கழற்றுகிற அன்று கஷ்டமான பகுதியை நீ ஏற்கெனவே தாண்டிவிட்டாய். அதன் பிறகு போய்ப் பற்ற வைக்கிறாயே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

விரதத்தில் பக்தி இருக்கிறது, சரி. கூடவே நல்ல ஏற்பாடும் இருக்கிறது. தேதி முன்கூட்டியே தெரியும். ஊருக்கே தெரியும். எவனும் சிகரெட்டை நீட்ட மாட்டான். விடியற்காலைக் குளியல், வேறு சாப்பாடு, வேறு துணை, மது கிடையாது. இந்த ஏற்பாட்டைச் சாதாரண நாளுக்குக் கொண்டுவந்தால் போதும். உனக்கு நேரமில்லை என்று தெரியும், அதனால் செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

1. தேதி குறி. இன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் ஒரு நாள். வீட்டில் கல்யாணம், ஆபீஸில் கணக்கு முடிக்கிற வாரம் என்றால் அதைத் தள்ளி வை. ஆனால் புத்தாண்டு, பொங்கல் என்று காத்திருக்காதே. அந்த நாட்களில்தான் கூட்டாளிகள் எல்லாரும் ஊரில் இருப்பார்கள்.

2. "கொஞ்சம் கொஞ்சமா குறைக்கிறேன்" வேண்டாம். பத்து பிடித்தவன் ஐந்தாகக் குறைத்தால், அந்த ஐந்தையும் ஆழமாக இழுத்து அடிவரை பிடிப்பான். உடம்பு தனக்கு வேண்டிய நிக்கோட்டினை எப்படியாவது வாங்கிக்கொள்ளும். 'லைட்' என்று விற்கிற சிகரெட்டிலும் இதே கதைதான். பீடிக்கு மாறுவது அதைவிட மோசம். அது அடிக்கடி அணையும், அணையாமல் இருக்கப் பலமாக இழுக்க வேண்டும், புகை இன்னும் ஆழமாக உள்ளே போகும். இலையில் சுற்றியது என்பதால் பீடி சாதுவாகிவிடாது.

3. முந்தின இரவே எல்லாவற்றையும் வெளியே போடு. பாக்கெட், லைட்டர், ஆஷ்டிரே, பைக் டேங்க் கவரில் இருப்பது, ஆபீஸ் டிராயரில் இருப்பது, மழைக்கோட்டுப் பையில் மறந்துபோனது, எல்லாம். "அவசரத்துக்கு ஒன்று இருக்கட்டும்" என்று ஒளித்து வைக்காதே. அந்த ஒன்றைத்தான் முதல் இரவு தேடுவாய். பெட்டிக்கடையில் கணக்கு வைத்திருந்தால் தீர்த்துவிட்டு, "இனிமே எனக்குக் கொடுக்காதீங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வா. சட்டைகளைத் துவைத்துப் போடு.

4. நாலு பேரிடம் சொல். ரகசியமாக விடுகிறவன் ரகசியமாகவே மறுபடி தொடங்கிவிடுவான். வீட்டில் சொல், கூட டீ குடிக்கிறவர்களிடம் சொல். "ஒரு மாசத்துக்கு என் முன்னால நீட்டாதீங்கடா" என்று கேட்டால் நல்ல நண்பன் கேட்பான்.

5. அந்த ஐந்து நிமிடம். ஆசை வந்தால் நாள் முழுக்க அப்படியே நிற்கும் என்று பயப்படுகிறாய். நிற்காது. ஒரு ஏக்கம் சில நிமிடம்தான், பிறகு இறங்கிவிடும். அந்த நேரத்துக்கு முன்கூட்டியே வேலை வைத்துக்கொள்:

• ஒரு டம்ளர் தண்ணீரை வாய் வாயாகக் குடி.
• இடத்தை விட்டு எழுந்து போ. மாடிப்படி ஏறி இறங்கு.
• மூச்சை ஆழமாக இழுத்து மெதுவாக விடு, பத்து முறை.
• சட்டைப் பையில் ஏலக்காய், கிராம்பு, உலர்ந்த நெல்லிக்காய் வைத்துக்கொள். சிகரெட் வைத்த அதே பையில்.
• யாருக்காவது போன் பண்ணு. எனக்கென்றாலும் சரி.

6. காபியைப் பாதியாக்கு. இதை யாரும் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். சிகரெட் புகை, காபியில் இருக்கிற கஃபீனைக் கல்லீரல் சீக்கிரம் கரைக்கும்படி செய்கிறது. புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்துவிடும். நீ வழக்கம்போல நாலு காபி குடித்தால், உடம்பில் கஃபீன் முன்பைவிட அதிகமாகத் தங்கும். கை நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வரும். நீயோ "சிகரெட் இல்லாம நரம்பே இழுக்குது" என்று நினைத்துக்கொண்டு ஒன்றைப் பற்ற வைப்பாய். குற்றவாளி பாதி காபிதான். அதனால் முதல் நாளிலிருந்தே காபியையும் டீயையும் பாதியாகக் குறை. மாலை நாலு மணிக்குப் பிறகு மோரோ சுக்குத் தண்ணீரோ போதும். டீக்கடையில் நின்று குடிக்காமல், ஒரு மாதத்துக்கு ஃபிளாஸ்க்கில் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து குடி. டீயும் தம்மும் உன் கைக்கு ஜோடியாகப் பழகியிருக்கின்றன. ஜோடியைப் பிரிக்க இடத்தை மாற்று.

7. காலைக்கடன் பிரச்சினை. "ஒண்ணு பிடிச்சாத்தான் வயிறு போகும்" என்கிறாய். உண்மைதான், நிக்கோட்டின் குடலைத் தூண்டும். நிறுத்தியதும் சில வாரம் மலச்சிக்கல் வரலாம். முந்தின இரவு வாழைப்பழமோ கொய்யாவோ சாப்பிடு, எழுந்ததும் இரண்டு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் குடி, பத்து நிமிடம் நட. தினமும் கீரை. குடல் தானாகப் பழகிக்கொள்ளும். இந்த ஒரு காரணத்துக்காக மறுபடி தொடங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன், மனசு ஆறவில்லை.

8. இருமல் கூடினால் மிரளாதே. மூச்சுக்குழாயைத் துடைக்கிற நுண்ணிய முடிகள் புகையில் செயலிழந்து கிடந்தவை, மறுபடி வேலையைத் தொடங்குகின்றன. சளி வெளியே வரும். வாய்ப்புண், எரிச்சல், கெட்ட கனவு, எல்லார்மேலும் கோபம் எல்லாம் இந்தச் சில வாரச் சமாச்சாரம். ஆனால் சளியில் ரத்தம் வந்தாலோ இருமல் வாரக்கணக்கில் நீடித்தாலோ டாக்டரிடம் காட்டு, நீயே சமாதானம் சொல்லிக்கொள்ளாதே.

9. நிக்கோட்டின் சூயிங்கம்மைச் சரியாக மெல்லு. பாதிப் பேர் சாதாரண சூயிங்கம் மாதிரி சவசவவென்று மென்று, சாற்றை விழுங்கி, விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்து தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். முறை இதுதான். மெதுவாகக் கடி. வாயில் காரமாகச் சுரீரென்றதும் மெல்லுவதை நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வை. காரம் அடங்கியதும் மறுபடி கடி. அரை மணி நேரம் இப்படி. வாய்க்குள் போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பிலிருந்து காபி, ஜூஸ், சோடா எதுவும் கூடாது, மருந்து உள்ளே இறங்காது. 2 மி.கி., 4 மி.கி. என்று இரண்டு அளவு இருக்கிறது. எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் தேடுகிறவனுக்கு 4 தேவைப்படலாம், டாக்டரைக் கேட்டு வாங்கு. மெள்ள மெள்ளக் குறைத்து சுமார் மூன்று மாதத்தில் நிறுத்த வேண்டும். அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் தொடவே கூடாது. மாத்திரைகளும் உண்டு, அவை டாக்டர் சீட்டோடுதான்.

இந்த உதவிகளை எடுத்துக்கொள்வதில் வெட்கம் எதற்கு? வெறும் வைராக்கியத்தை மட்டும் நம்பி இறங்குகிறவர்களில் ஒரு வருடம் தாக்குப்பிடிப்பவர்கள் நூற்றுக்குச் சிலர்தான்.

10. வேறு மருந்துகள் சாப்பிடுகிறாயா? மனநலத்துக்கு, ஆஸ்துமாவுக்கு, சர்க்கரைக்கு என்று எதுவாயிருந்தாலும், நிறுத்தப்போகும் தேதியை டாக்டரிடம் சொல்லிவிடு. காபிக்குச் சொன்ன அதே காரணத்தால் சில மருந்துகளின் அளவை மாற்ற வேண்டியிருக்கும்.

11. இதற்குப் பதில் அது வேண்டாம். பாக்கு, பான்மசாலா, உதட்டுக்குள் வைக்கிற புகையிலைப் பை, எதுவும் கூடாது. புகையிலை சேராத வெறும் பாக்கே வாய்ப்புற்றுநோய் தரும். மின் சிகரெட்டுக்கு 2019-லிருந்து நாட்டில் தடை. யாராவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதே.

12. மதுவோடு மோதாதே. சபதம் உடைகிற இடம் பெரும்பாலும் அந்த மேஜைதான். இரண்டு மடக்கு உள்ளே போனால் தேதியும் நினைவிருக்காது, அக்கா சொன்னதும் நினைவிருக்காது. முதல் ஒரு மாதம் அந்தக் கூட்டத்துக்கே போகாதே. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

13. வீட்டில் இருக்கிற தங்கச்சிக்கு. அவர் வாசலில் நுழைந்ததும் சட்டையை மோந்து பார்க்காதே. "எத்தனை நாளைக்கோ பார்ப்போம்" என்று மட்டும் சொல்லிவிடாதே, அந்த ஒரு வார்த்தைக்காகவே கடைக்குப் போகிறவர்கள் உண்டு. முதல் வாரம் எரிந்து விழுவார். கணக்கு வழக்கு, மாமியார் பிரச்சினை, பையன் மார்க் எல்லாவற்றையும் பத்து நாள் தள்ளிப் போடு. ராத்திரி சாப்பிட்டதும் அவர் எழுந்து வெளியே போகிற நேரம் உனக்குத் தெரியும். அந்த நேரத்துக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு நீயும் கூட நடக்கப் போ. குழந்தைகளை நினைத்து இதைச் செய். பால்கனியில் பிடித்தாலும் பாத்ரூமில் பிடித்தாலும் புகை வீட்டுக்குள்தான் வரும். சின்னக் குழந்தைக்கு அடிக்கடி வீசிங், காதுவலி வருகிறதென்றால் அந்தப் புகைக்கும் அதில் பங்கு உண்டு.

14. எடை கூடும், காசு மிஞ்சும். முதல் வருடத்தில் நாலைந்து கிலோ கூடுவது சகஜம். சாப்பாடு ருசிக்கத் தொடங்கும், வாயும் சும்மா இருக்காது. மிக்சர், பஜ்ஜிக்குப் பதில் வெள்ளரி, கேரட், வறுத்த கடலை வாங்கி வை. எடைக்குப் பயந்து சிகரெட்டுக்குத் திரும்புவது முட்டாள்தனம். காசு விஷயம் சுருக்கமாக: ஒன்று 20 ரூபாய் என்று வைத்து, நாளுக்குப் பத்து என்றால் மாதம் 6,000, வருடம் 73,000 ரூபாய். அதைத் தனிக் கணக்கில் போட்டு, கண்ணால் பார்.

15. உடம்பு எப்போது தேறும்? கடைசிச் சிகரெட்டுக்குப் பிறகு 20 நிமிடத்தில் இதயத்துடிப்பு இறங்கத் தொடங்கும். ஒரு நாளுக்குள் ரத்தத்தில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு வடிந்துவிடும். இரண்டிலிருந்து 12 வாரத்துக்குள் ரத்த ஓட்டமும் மூச்சும் சீராகும், மாடி ஏறும்போது உனக்கே தெரியும். ஒரு வருடத்தில் இதயநோய்க்கான கூடுதல் ஆபத்து பாதியாகும். பத்து வருடத்தில் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து, தொடர்ந்து பிடிக்கிறவருக்கு இருப்பதில் பாதியாக இறங்கும்.

"அம்பது வயசாச்சு, இனிமே விட்டு என்னத்தைக் காண" என்கிற அண்ணன்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பிரிட்டனில் 1951-ல் தொடங்கி ஆண் டாக்டர்களையே 50 வருடம் கவனித்த ஆய்வு ஒன்று இருக்கிறது. 30 வயதில் நிறுத்தியவர்கள் தொடர்ந்து பிடித்தவர்களைவிடச் சுமார் 10 வருடம் கூடுதலாக வாழ்ந்தார்கள். 40-ல் நிறுத்தினால் 9 வருடம், 50-ல் 6, 60-ல்கூட 3. மூன்று வருடம் என்றால் பேத்தி கல்யாணத்தைப் பார்ப்பதா இல்லையா என்கிற விஷயம். கால்விரல் கறுத்து, நடந்தால் கெண்டைக்கால் இழுக்கிறது என்கிற பீடிக்கார அண்ணன் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். புகையிலையால் ரத்தக்குழாய் அடைபடுகிற நோயாக இருக்கலாம். அதில் காலைக் காப்பாற்ற முதலில் செய்ய வேண்டியது பீடியை அடியோடு விடுவது.

16. "ஒண்ணே ஒண்ணு." எல்லாம் இதற்குள்தான் இருக்கிறது தம்பி. மூன்று மாதம் கழித்து, ஒரு சாவு வீட்டிலோ நண்பன் கல்யாணத்திலோ, "இவ்வளவு நாள் இருந்தாச்சே, ஒண்ணு பிடிச்சா என்ன?" என்று தோன்றும். நாளுக்கு ஒன்றே ஒன்று பிடிக்கிற ஆணுக்குக்கூட, 20 பிடிக்கிறவருக்கு இருக்கிற கூடுதல் இதய ஆபத்தில் கிட்டத்தட்டப் பாதி உண்டு. அதைவிட முக்கியம், அந்த ஒன்று ஒன்றோடு நிற்பது அபூர்வம். அடுத்த வாரம் பாக்கெட் வாங்கிவிடுவாய். மாலை போடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: மாலை கழற்றுகிற நாளுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். அன்றைக்குக் குடும்பத்தோடு எங்காவது போ. கூட்டாளிகளோடு வேண்டாம்.

தவறிப் பிடித்துவிட்டாயா? மீதிப் பாக்கெட்டைத் தண்ணீரில் நனைத்துக் குப்பையில் போடு. "எல்லாம் போச்சு" என்று அடுத்ததைப் பற்ற வைக்காதே. எந்த இடம், யார் கூட, என்ன மனநிலை என்று எழுதி வை, அடுத்த முறை அந்த இடத்துக்கு ஏற்பாடு செய். பலமுறை முயன்று விட்டவர்கள்தான் அதிகம்.

தனியாகச் சமாளிக்க முடியவில்லை என்றால் மத்திய அரசின் இலவச உதவி எண் இருக்கிறது: 1800-11-2356. சிகரெட் பாக்கெட்டின் எச்சரிக்கைப் படத்திலேயே 2018-லிருந்து அச்சடித்திருக்கிறார்கள், நீதான் பார்க்கவில்லை. தமிழிலும் பேசுவார்கள், தேதி குறிக்க உதவுவார்கள், பிறகு அவர்களே கூப்பிட்டு விசாரிப்பார்கள். காலை 8 மணியிலிருந்து இரவு 8 மணி வரை, திங்கட்கிழமை மட்டும் விடுமுறை. இதை மூடி வைப்பதற்கு முன் அந்த எண்ணை போனில் பதிந்துவிடு, காலண்டரில் ஒரு தேதியைச் சுழித்துவிடு.