தொப்பூர் இறக்கத்தில் ஒரு சின்ன கார்

"மாமா, இந்தத் தீப்பெட்டியில குடும்பத்தையே ஏத்திக்கிட்டுத் தொப்பூர் இறங்குறீங்களே, பயமா இல்லையா?" என்று மைத்துனன் கேட்டான். அப்போதுதான் அவன் பெரிய எஸ்யூவி ஒன்றை வாங்கியிருந்தான். பயமெல்லாம் இல்லை மாப்ள என்றேன். அது பொய். தருமபுரிக்கும் சேலத்துக்கும் பத்து வருடத்துக்கு மேல் சின்ன கார்தான் ஓட்டுகிறேன். அந்தக் கணவாயில் பின்பக்கக் கண்ணாடி முழுக்க ஒரு லாரியின் முகம் நிறையும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கும்.

என் கார் எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை. 800 சிசி நிறையாத எஞ்சின், 12 அங்குலச் சக்கரம், எழுநூறு கிலோவைச் சற்றே தாண்டும் எடை. 2013இல் வாங்கும்போது ஏர்பேக் உள்ள வகையும் கடையில் இருந்தது, விலைதான் கொஞ்சம் கூடுதல். "டவுனுக்குள்ள ஓட்டப்போறோம், எதுக்கு?" என்று நானே சொன்னேன். அந்தக் காசில் சீட் கவரும் மியூசிக் சிஸ்டமும் போட்டுக்கொண்டேன். வாங்கி ஒரு வருடம் ஆவதற்குள், 2014 ஜனவரியில், குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் தயாரான ஐந்து சின்ன கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவைத்துப் பார்த்தது. ஏர்பேக் இல்லாத அந்த ஐந்தும் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் பூஜ்ய நட்சத்திரம் வாங்கின. செய்தியைப் படித்த அன்று மியூசிக் சிஸ்டத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அந்தச் சோதனையில் நட்சத்திரத்தைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. ஐந்தில் போலோ, ஃபிகோ இரண்டின் கூடு மட்டும் குலையாமல் நின்றது. போலோவில் இரண்டு ஏர்பேக் வைத்து மறுபடி மோதியபோது நான்கு நட்சத்திரம் கிடைத்தது. உட்காருமிடம் நசுங்கிவிட்டால் ஏர்பேக் எதைக் காப்பாற்றும்? முதலில் கூடு, அப்புறம் பெல்ட், அதற்கப்புறம்தான் ஏர்பேக். பழைய கார் வாங்க யோசனை கேட்டு வருகிறவர்களிடம் இந்த வரிசையைத்தான் சொல்கிறேன்.

சின்ன கார் என்றாலே ஓட்டைக் கார் என்பதும் சரியில்லை. 2020இல் டியாகோ நான்கு நட்சத்திரம் வாங்கியது, 2021இல் நான்கு மீட்டர்கூட நீளமில்லாத பஞ்ச் ஐந்து வாங்கியது. ஆனால் அந்த நட்சத்திரத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. முன்பக்கச் சோதனை என்பது ஏறக்குறைய தன் எடையே உள்ள இன்னொரு காரோடு மோதுவதற்குச் சமம். சாலையில் எதிரே வருகிறவன் எடை பார்த்தா வருவான்? 750 கிலோ காரும் 2,250 கிலோ வண்டியும் தலா 60இல் நேருக்கு நேர் மோதிச் சிக்கிக்கொண்டால், பெரியது 30 வேகத்தில் முன்னாலேயே போகும். சின்னது அதே 30இல் பின்னால் தள்ளப்படும். அதாவது, பெரிய வண்டிக்காரருக்கு 30 கிலோமீட்டர் அதிர்ச்சி, நமக்கு 90. இதை எந்த ஏர்பேக்கும் மாற்றாது. 2009இல் அமெரிக்காவில் ஐஐஹெச்எஸ் நிறுவனம் நல்ல மதிப்பெண் வாங்கிய சின்ன கார்களையே நடுத்தரக் கார்களோடு மோதவிட்டது, சின்னவைதான் நொறுங்கின.

அதனால் மோதலைத் தாங்குவதைவிட, மோதலுக்குள் போகாமல் இருப்பதுதான் நம் ஆட்டம். தொப்பூர்தான் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது. பெங்களூர்ப் பக்கமிருந்து பாரம் ஏற்றி வரும் லாரிகளுக்கு அது நீண்ட இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்களும் உண்டு. இரட்டைப் பாலம் வருவதற்குள் பிரேக் காய்ந்து பிடிக்காமல் போகும். ஒரு மழை நாளில் அங்கே வண்டிகள் தேங்கி நின்றன. முன்னால் டேங்கர், பின்னால் சிமெண்ட் லாரி, நடுவில் நான். பின்னால் வந்தவர் எப்படியோ நிறுத்திவிட்டார். இறங்கிப் பார்த்தேன், என் டிக்கிக்கும் அவர் பம்பருக்கும் நடுவே இரண்டு முழம் இருக்கும்.

அன்றிலிருந்து இறக்கத்தில் இரண்டு லாரிக்கு நடுவே போவதில்லை. ஒன்று முந்திவிடுவேன், இல்லை ஓரமாக ஒதுங்கி வழிவிடுவேன். இரண்டாவது கியரில் இறங்குகிறேன். தேக்கம் தெரிந்த உடனே நான்கு இண்டிகேட்டரும் போட்டு, முன்வண்டியின் பின்சக்கரம் தரையைத் தொடும் இடம் தெரிகிற தூரத்தில் நிறுத்துகிறேன். முதல் கியரை விடுவதில்லை. பின்னால் ஒருவர் வந்து நிற்கும்வரை கண் கண்ணாடியிலேயே இருக்கும். "யாரைப் பாத்துக்கிட்டே இருக்கீங்க?" என்று மனைவி கேட்பாள்.

ஏற்றத்திலும் முந்துவதிலும் பாடம் வேறு. ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் ஏறினால் முந்நூற்றைம்பது கிலோ, காரின் எடையில் பாதி. பிரேக் பிடித்தால் வண்டி நிற்க நேரமாகும், பின்பக்கம் தாழ்ந்து ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். முந்தும்போது ஏசியை அணைக்கும் வழக்கம் எனக்கும் இருந்தது. அணைத்தால்தான் முந்த முடியும் என்றால் முந்தவே கூடாது என்று புரிய எனக்கு நான்கு வருடம் பிடித்தது. ஆம்னி பஸ் கடந்து போகும்போது காற்று முதலில் தள்ளும், பிறகு இழுக்கும். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருக்க வேண்டும். இரவில் விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரிதான் எல்லாவற்றிலும் மோசம். தாழ்ந்த பானெட் அதற்கடியில் நுழைந்துவிடும், அடியை வாங்குவது முன்கண்ணாடியும் நம் தலையும். இரவு நெடுஞ்சாலைப் பயணத்தையே விட்டுவிட்டேன். சென்னை என்றால் சேலம் வந்து ஏற்காடு எக்ஸ்பிரஸ்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. இந்தக் காருக்கு முன் நாங்கள் நால்வரும் ஒரே ஸ்கூட்டரில் போனோம். 2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் இருசக்கர வாகனத்தில் போனவர்களே அதிகம். மழையில் ஸ்கூட்டரில் போன ஒரு குடும்பத்தைப் பார்த்துத்தான் ரத்தன் டாடாவுக்கு நானோ யோசனை வந்தது. எனவே சின்ன கார் பாதுகாப்பா என்று கேட்டால், எதைவிட என்று திருப்பிக் கேட்பேன்.

பெரிய வண்டியில் ஏறிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்பதும் இல்லை. 2022 செப்டம்பரில் பால்கர் அருகே சைரஸ் மிஸ்திரி இறந்தது மெர்சிடஸில். பின்சீட்டில் இருந்தார், பெல்ட் போட்டிருக்கவில்லை. சின்ன காரில் பின்சீட்டுக்காரர் பெல்ட் போடாவிட்டால், பறந்து வந்து விழும் இடம் முன்னாலிருப்பவரின் முதுகு. எங்கள் காரில் பின்னால் பெல்ட் மாட்டாமல் சாவியைத் திருப்புவதில்லை. குழந்தையை மடியில் வைத்து முன்சீட்டில் உட்காருவதும் கிடையாது.

போன தீபாவளிக்கு மைத்துனனின் எஸ்யூவியில் எல்லோரும் மேட்டூர் கிளம்பினோம். பழக்கத்தில் அத்தை பின்சீட்டில் உட்கார்ந்ததும் பெல்ட்டை இழுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, "இத எங்கடா மாட்டறது?" என்றார். பக்கிள் எங்கேயும் இல்லை. புது லெதர் சீட் கவருக்கு அடியில் போய்விட்டிருந்தது. மாப்ள கத்தரிக்கோல் தேடி வீட்டுக்குள் ஓடினான். நாங்கள் கிளம்ப முக்கால் மணி நேரம் தாமதம்.