மூட்டைக்கு மூட்டை மாறும் எண்

அன்புள்ள தம்பிக்கு,

கடலூர், சிதம்பரம் பக்கத்து வெண்பன்றிப் பண்ணைகளுக்குத் தீவனக் கணக்குப் போடும் வேலையில் சேர்ந்திருக்கிறாய். உன் கம்ப்யூட்டரில் மக்காச்சோளத்துக்கு நேரே 3,395 என்று ஓர் எண் இருக்கும். அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் 2012-இல் வெளியிட்ட பன்றி ஊட்டச்சத்து நூலில் உள்ள வளர்சிதை ஆற்றல் அது, கிலோவுக்கு இத்தனை கிலோகலோரி என்று. நம்பத் தகுந்த எண்தான். ஆனால் அது சுமார் 12 சதவீத ஈரம் கொண்ட, சொத்தையில்லாத சோளத்தின் கணக்கு. வேப்பூரிலிருந்து நேற்று வந்து இறங்கிய சரக்குக்கு நீதான் எண் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் தண்ணீரைப் பார். வேப்பூர், மங்களூர் பக்கத்து மானாவாரிச் சோளம் புரட்டாசியில் விதைத்துத் தையில் அறுவடைக்கு வருகிறது. பனி கொட்டும் மாதம். ரோட்டோரம் காயப்போட்டு, விலை சரிவதற்குள் விற்றாக வேண்டிய நெருக்கடி விவசாயிக்கு. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் 12 சதவீத ஈரத்தில் கிலோவுக்குச் சுமார் 3,380 கிலோகலோரி தரும் சோளம், ஈரம் 18 ஆனால் 3,150தான் தரும். டன்னுக்கு 60 கிலோ தண்ணீரைச் சோள விலைக்கு வாங்குகிறோம் என்று அர்த்தம். தனக்கு வேண்டிய ஆற்றல் கிடைக்கும்வரை பன்றி கூடுதலாகத் தின்னப் பார்க்கும். "தீவனம்தான் கரைகிறது, எடை ஏறவில்லை" என்று பண்ணைக்காரர் உன்னிடம் வந்து நிற்பார்.

ஈரமானி கையில் இல்லையென்றால், காய்ந்த கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு சோளம் போட்டு, ஒரு ஸ்பூன் உப்பு சேர்த்து மூடி நன்றாகக் குலுக்கு. கால் மணி நேரம் வை. உப்பு கண்ணாடியில் அப்பிக்கொண்டால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். நம் கடற்கரைக் காற்றில் உப்பே நீர் விட்டுக்கொள்ளும் என்பதால் அதை வாணலியில் வறுத்து ஆறவைத்த பிறகே எடு.

ஈரத்தின் பின்னாலேயே பூஞ்சை வரும். அஃப்லாடாக்சின் ஈரலைத் தாக்கும். குட்டிகள்தான் முதலில் அடிபடும். பூஞ்சை பிடித்த சோளத்தைத் திரும்பக் காயவைத்தாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. கோழிக்கு ஆகாது என்று ஒதுக்கிய சரக்கை "பன்றிதானே, தின்னும்" என்று உன் தலையில் கட்டப் பார்ப்பார்கள். இந்த ஒரு பேச்சுக்கு மட்டும் நீ எங்கேயும் இணங்கக் கூடாது. சந்தேகம் வந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு அனுப்பு. மேல் மூட்டையில் ஒரு கை அள்ளி அனுப்பாதே. பல மூட்டைகளில் குத்தூசி விட்டு எடுத்துக் கலந்து அனுப்பு. பூஞ்சை எல்லா மூட்டையிலும் ஒரே அளவில் இருக்காது.

அடுத்தது, எந்த ஆற்றலை நம்பிக் கணக்குப் போடுவது என்பது. அதே நூலில் சோளத்தின் மொத்த ஆற்றல் 3,933. மலத்தில் போவதைக் கழித்தால் 3,451. சிறுநீரிலும் வாயுவிலும் போவதைக் கழித்தால் உன் 3,395. செரிக்கும் வேலையிலேயே உடல் சூடாகச் செலவாவதையும் கழித்தால் மிஞ்சும் நிகர ஆற்றல் 2,672. நம் ஊருக்கு இந்தக் கடைசி எண்தான் முக்கியம் என்பேன். பன்றிக்கு வியர்த்து உடம்பு ஆறாது. கத்திரி வெயிலில் தீவனமே உள்ளே சூட்டைக் கிளப்பினால் அது தின்பதை நிறுத்திவிடும். மாவுச்சத்தும் கொழுப்பும் குறைந்த சூட்டில் பயன்படுகின்றன. நார்ச்சத்தும் மிகுதியான புரதமும் அப்படியல்ல. பிரான்ஸில் ழான் நோப்லே குழுவினர் 1994-இல் இதைச் சமன்பாடாகவே தந்தார்கள்.

உமி கலந்த தவிடு மலிவாகத் தெரிந்தாலும் நிகர ஆற்றலில் கையைக் கடிப்பது இதனால்தான். காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் அரிசி ஆலைக் குருணையோ நார் குறைந்த, மாவு நிறைந்த சரக்கு, சோளத்துக்கு இளைத்ததல்ல. சோளம் விலை ஏறும்போது, ஆயிரம் கிலோகலோரிக்கு என்ன விலை என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார். புரதத்தையும் லைசினையும் மட்டும் மறுபடி சரிபார்த்துக்கொள். சோளத்தில் லைசின் கால் சதவீதம்தான்.

இவ்வளவும் சரியாக இருந்தும் எடை ஏறவில்லையென்றால், கொட்டிலுக்குள் போய்ப் பன்றி மலத்தைக் கொஞ்சம் வாளித் தண்ணீரில் கரைத்து வடிகட்டு. மஞ்சள் நொய் தங்கினால், காசு கொடுத்து வாங்கிய மாவுச்சத்து செரிக்காமல் வெளியே போகிறது. மில்லில் சல்லடையை மாற்றச் சொல்; துகள் சராசரியாக 600 மைக்ரான் அளவில் இருக்கட்டும். அதற்குமேல் பவுடராக்க விடாதே, இரைப்பையில் புண் வரும்.

அன்புடன்,
உன் அண்ணன்