வரப்புப் புல்லும் உண்ணிச் சுரமும்

சம்பாப் பயிருக்குக் களையெடுக்குங் காலந்தொடங்கி, அறுவடை தீர்ந்து வைக்கோற்போர் போடுங் காலம் வரையில் கிராமங்களிற் சுரம் காண்பது புதிதன்று. மழையில் நனைந்ததால் வந்தது, பனி பட்டதால் வந்தது என்று எண்ணிக் குடியானவர்கள் கஷாயம் வைத்துக் குடித்து, கடையில் இரண்டொரு மாத்திரை வாங்கி விழுங்கி, மறுநாள் வேலைக்குப் போய்விடுவதே வழக்கம். பெரும்பான்மையான சுரங்கள் அவ்வாறே தீர்ந்தும் விடுகின்றன. தீராதவற்றுள் ஒன்று மழையிலிருந்தும் வருவதில்லை, பனியிலிருந்தும் வருவதில்லை. வரப்புப் புல்லிலிருந்தே வருகின்றது. அதற்குத் தக்க மருந்து உண்டு, விலையும் சொற்பமே. ஆனால் அம்மருந்து முதல் வாரத்திற் செய்யும் வேலையை இரண்டாம் வாரத்திற் செய்வதில்லை. பயிர்த்தொழில் செய்வோர் இதைப்பற்றி அறிந்திருக்க வேண்டியது இதனாலேயே.

இந்நோய்க்கு வைத்தியர்கள் இட்ட பெயர் ஸ்க்ரப் டைபஸ் என்பது. புதர்க்காட்டுச் சுரம் என்று பொருள்படும். தமிழ்நாட்டில் இதை உண்ணிக் காய்ச்சல் என்று வழங்குகின்றனர். இப்பெயரால் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கின்றது. மாட்டின் மேல் ஒட்டியிருக்கும் உண்ணிக்கும் இச்சுரத்துக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. மாட்டுண்ணியைப் பொறுக்கி எறிந்துவிட்டு, இனி இச்சுரம் வராதென்று இருப்பது வீண். உண்ணிகளால் வரும் வேறு சுரங்கள் உண்டு, அவை வேறு. இந்தச் சுரத்தைக் கொண்டுவருவது கத்தரியையும் பருத்தியையும் கெடுக்கும் செஞ்சிலந்திப் பேனுக்குத் தூரத்து உறவான, மண்ணில் வாழும் ஒருவகைச் சிலந்திப்பேன்.

பூச்சியின் வாழ்க்கை

இப்பேனின் வாழ்க்கை விசித்திரமானது. முட்டையிலிருந்து வெளிப்படுங் குஞ்சுக்குக் கால்கள் ஆறு. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கே. செம்மஞ்சள் நிறமான அது தூசிபோலிருப்பதால் கண்ணுக்கு அகப்படுவது அரிது. அது புல் நுனியிலும் சருகின் மேலும் கூட்டமாய் ஏறி, எலியோ மனிதனோ உராய்ந்து செல்லும் வரையிற் காத்திருக்கும். உடம்பில் ஏறினால், தோல் மெல்லியதாயும் துணி இறுகியும் இருக்கும் இடத்தைத் தேடிப் பற்றிக்கொண்டு, தன் எச்சிலால் தோலைக் கரைத்து அந்தச் சாற்றை உறிஞ்சும். இரத்தம் குடிப்பதில்லை. கடித்த இடத்தில் வலி தோன்றாமையால் கடியுண்டவர் பெரும்பாலும் அறியார். இரண்டு மூன்று நாளில் வயிறு நிறைந்தபின் மண்ணில் விழுந்துவிடும். பிறகு எட்டுக் காலுள்ள பேனாக வளர்ந்து, மண்ணிலுள்ள சிறு பூச்சிகளின் முட்டைகளைத் தின்று பிழைக்கும். மறுபடியும் எந்தப் பிராணியையும் நாடாது. ஆகவே, ஆயுளில் ஒரேமுறைதான் அது பிராணியின் உடம்பைத் தீண்டுகின்றது.

ஒரேமுறை கடிப்பது கிருமியை எங்கிருந்து பெற்றது என்று கேட்கலாம். தாயிடமிருந்து பெறுகின்றது. ஓரியன்ஷியா ஸுட்ஸுகாமுஷி என்னும் இக்கிருமி தாய்ப்பேனின் முட்டை வழியாகவே குஞ்சுக்கு இறங்குகின்றது. எலி இப்பேனுக்கு ஊணும் வாகனமுமாய் இருக்கின்றதே தவிர, கிருமியின் வித்து பேனின் வம்சத்திலேயே நிலைத்திருக்கின்றது. ஆதலால் எலியை மட்டும் ஒழித்தால் நோய் ஒழிந்துவிடாது. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு இச்சுரம் தொற்றுவதுமில்லை. நோயாளியை ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை.

தென்னிந்தியாவில் இப்பேன்களை அதிகமாகச் சுமந்து திரிவதாகக் கண்டறியப்பட்ட பிராணிகளுள் மூஞ்சூறு முக்கியமானது. பிள்ளையாருக்கு வாகனமென்று கருதியும், பூச்சிகளைத் தின்னுமென்று அறிந்தும் பலர் அதைக் கொல்லாமல் விடுகின்றனர். கொல்ல வேண்டுமென்பது இங்கே கருத்தன்று. அது அடையும்படியான விறகுக் குவியலும் குப்பையும் படுக்கையறைச் சுவரை ஒட்டியிருத்தலாகாது என்பதே கருத்து.

ஜப்பான் தேசத்துக் குடியானவர்கள்

இந்நோய் பயிர்த்தொழிலோடு இணைந்ததென்பதற்கு ஜப்பான் தேசமே சாட்சி. அத்தேசத்தின் வடமேற்கில் நீகாட்டா, யாமகாட்டா, அகிட்டா என்னும் ஜில்லாக்களில், பனி உருகிப் பெருகும் ஆறுகளின் படுகை நிலங்களிற் கோடையில் வேலை செய்யப் போன குடியானவர்களை இச்சுரம் ஆண்டுதோறும் வாரிக்கொண்டு போயிற்று. அவர்கள் அதைத் தீய ஆவியின் செயலென்று அஞ்சி, அந்தப் பேனின் பெயராலேயே கோயில்களும் எழுப்பினர். 1930-ஆம் வருஷத்தை ஒட்டி ஜப்பானிய விஞ்ஞானிகள் கிருமியைப் பிரித்தறிந்தனர். 1920-களில் மலேயாவிலே கோலாலம்பூர் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள், செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்வோருக்கு வரும் சுரத்தையும், பட்டணத்துக் கடைகளில் வேலை செய்வோருக்கு வரும் சுரத்தையும் வேறுபிரித்துக் காட்டினர். தோட்டத்துச் சுரத்துக்கே புதர்ச் சுரமென்ற பெயர் நின்றது. இரண்டாம் உலக மகாயுத்தத்திற் பர்மா எல்லையிற் போரிட்ட சிப்பாய்கள் பலரை இது வீழ்த்தியது. அக்காலத்தில் இதற்கு மருந்தே இல்லை. 1948-ஆம் வருஷம் அதே கோலாலம்பூரில் டாக்டர் ஜோசப் ஸ்மாடலும் அவருடைய சகாக்களும் குளோராம்பெனிகால் என்னும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது நோயாளிகள் விரைவிற் குணமடைந்தனர். அதன் பின்னர் வந்த டாக்ஸிசைக்ளின் என்னும் மாத்திரையே இந்நாளிலும் முதன்மையான மருந்து.

கரும்பொருக்கு

கடியுண்ட பத்து நாள் அளவில், சிலருக்கு ஆறு நாளிலும் சிலருக்கு மூன்று வாரத்திலும், சுரம் தொடங்கும். குளிர், கடுந்தலைவலி, உடம்புவலி, சிலருக்கு இருமல், வாந்தி. இவற்றைக்கொண்டு மட்டும் இதை டெங்குவிலிருந்தும் டைபாய்டிலிருந்தும் எலிக் காய்ச்சலிலிருந்தும் பிரித்தறிவது வைத்தியருக்கும் கடினம். ஆனால் நோயாளிகளிற் பலரிடம் ஓர் அடையாளம் இருக்கும். பேன் கடித்த இடத்தில், சுருட்டு நெருப்புச் சுட்டதுபோல், பயறு அல்லது மொச்சை அளவுள்ள கரும்பொருக்கும் அதைச் சுற்றிச் சிவந்த விளிம்பும் காணப்படும். வலியுமில்லை, அரிப்புமில்லை, ஆகவே நோயாளி அதை அறிந்திருக்கமாட்டார்.

அது இருக்குமிடங்களோ மறைவானவை: அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ்மடிப்பு, அரைஞாண் கயிற்றின் அடி, புடவை இறுகும் இடுப்பு, காதின் பின்புறம், பிருஷ்டபாகம். கூட்டம் நிறைந்த வைத்தியசாலையிற் சட்டையைக் கழற்றாமலே மார்பைச் சோதித்து அனுப்பினால் இது தப்பிவிடும். பெண்கள் கூச்சத்தால் காட்டாமலிருந்து விடுவதும் உண்டு. ஆகையால் வீட்டிலேயே தாயோ மனைவியோ கணவனோ, விளக்கு வெளிச்சத்தில் உடம்பு முழுவதும் பார்த்துவிட்டு வைத்தியரிடம் போவது உத்தமம். பொருக்கு இருந்தால் அது பெரிய சாட்சி. இல்லையென்றாலும் நோய் இல்லையென்று தீர்மானித்து விடலாகாது. பலருக்கு அது உண்டாவதேயில்லை.

இரத்தப் பரிசோதனையிலும் ஒரு சங்கடம் உண்டு. வழக்கமாகச் செய்யப்படும் சோதனை, கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் பொருளைத் தேடுவது. அப்பொருள் இரத்தத்தில் தெரிய ஐந்து நாள் முதல் ஒரு வாரம் வரை செல்லும். முதல் நாட்களில் 'இல்லை' என்று வந்த முடிவை நம்பி வீட்டிலிருந்தவர்கள் பின்னர் மூச்சுத் திணறலோடு கொண்டுவரப்படுவது இதனாலேயே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2015-இல் வெளியிட்ட நெறிமுறையும், இந்நோயென்று சந்தேகம் தோன்றினால் சோதனை முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்க வேண்டுமென்றே கூறுகின்றது.

இரண்டாம் வாரத்திற் கிருமி இரத்தக்குழாய்களின் உட்சுவரைத் தாக்க, நுரையீரலும் சிறுநீரகமும் மூளையும் கெடுகின்றன. உத்தரப் பிரதேசத்துக் கோரக்பூர்ப் பிரதேசத்தில் மழைக்காலந்தோறும் குழந்தைகள் மூளைக் காய்ச்சலால் இறந்து வந்ததை நெடுங்காலமாகக் கொசுவினால் வரும் ஜப்பானிய மூளைக் காய்ச்சலென்றே கருதி வந்தனர். 2015-ஐ ஒட்டிய வருஷங்களில் நடந்த ஆராய்ச்சிகளில், அக்குழந்தைகளிற் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் இந்தப் புதர்ச்சுரத்தின் அடையாளமே காணப்பட்டது.

சமீபத்திய ஆராய்ச்சிகள்

இவ்விஷயத்தில் வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியார் செய்துள்ள இரண்டு ஆராய்ச்சிகள் குடியானவர்களுக்கு நேராகப் பயன்படுபவை.

முதலாவது, 2023-இல் வெளியானது. நோய் முற்றி உறுப்புக்கள் கெடத் தொடங்கிய 794 நோயாளிகளை இந்தியாவின் பல ஆஸ்பத்திரிகளில் மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு டாக்ஸிசைக்ளினும், மற்றொன்றுக்கு அஸித்ரோமைசினும், மூன்றாவதற்கு இரண்டும் சேர்த்தும் ஏழு நாள் நரம்பில் ஏற்றினர். இறப்பு, ஏழாம் நாளிலும் நீங்காத உறுப்புக் கோளாறு, ஐந்தாம் நாளிலும் தணியாத சுரம் ஆகிய தீங்குகளுள் ஏதேனும் நேர்ந்தவர்கள், தனி மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 47, 48 பேர். இரண்டும் பெற்றவர்களில் 33 பேர். இது பெரிய லாபமே. ஆயினும் இறப்பை மட்டும் தனியே எண்ணிப் பார்த்தபோது மூன்று பிரிவுகளுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை. அஃதாவது, நோய் முற்றியபின் இரண்டு நல்ல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தும் சாவின் அளவு குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. பத்திரிகைகள் முதற்செய்தியையே பெரிதாய் எழுதின. கிராமத்தார் கவனிக்க வேண்டியது இரண்டாவது செய்தி.

மற்றொரு ஆராய்ச்சி லண்டன் நகரத்துச் சுகாதாரப் பள்ளியோடு சேர்ந்து செய்யப்பட்டு 2025-இல் வெளியாயிற்று. தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் 32,000-க்கு மேற்பட்ட ஜனங்களை 2020 முதல் 2022 வரை இரண்டு வருஷம் தொடர்ந்து, சில வாரங்களுக்கு ஒருமுறை வீடு வீடாய்ச் சென்று, சுரம் கண்டதா என்று விசாரித்து இரத்தம் எடுத்துப் பார்த்தனர். 328 பேருக்கு இச்சுரம் கண்டது; 5 பேர் இறந்தனர். இரத்தத்தைச் சோதித்ததில், கிருமி உடம்பிற் புகுந்தவர்களுட் பெரும்பாலோருக்குச் சுரமே காணவில்லை என்பதும் தெரியவந்தது. கிருமி எங்கோ மலைக்காட்டில் இருப்பதன்று. சாதாரணமான வயலூர்களிலேயே ஜனங்களைத் தொட்டுக்கொண்டிருக்கின்றது.

வயலிற் செய்யத்தக்கவை

பேன்குஞ்சு நீர் நிற்கும் நடவு வயலில் இராது. நாற்று நடுபவரைவிட, நட்டுக் களைத்து வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடிப்பவருக்கே ஆபத்து அதிகம். வாய்க்கால் ஓரம், தரிசின் விளிம்பு, வேலியடி, சீமைக்கருவேற் புதர், உண்ணிச்செடிப் புதர் ஆகிய ஈரமும் நிழலும் எலிவளையும் ஒருங்கே அமைந்த இடங்களில் இது திட்டுத் திட்டாக இருக்கும். ஒரு வரப்பில் ஏராளமாயும் அடுத்த வரப்பில் ஒன்றுமில்லாமலும் இருக்கக்கூடும். ஆகவே வரப்பெங்கும் பூச்சிமருந்தைத் தெளிப்பது பணத்தையும் நன்மை செய்யும் பூச்சிகளையும் வீணாக்குவதேயாகும். ஆட்கள் வழக்கமாய் உட்காரும் இடத்தையும், வீட்டுக்கும் களத்துக்கும் போகும் தடத்தையும் புல் செதுக்கி வெயில் படும்படி வைத்துக்கொள்வதே போதுமானது. தரையில் உட்கார நேர்ந்தால் சாக்கோ பாயோ விரித்துக்கொள்ளலாம். கழற்றிய சட்டையையும் துண்டையும் புதரின் மேற்போடாமல் மரக்கொம்பில் மாட்டலாம். குழந்தையை வரப்புப் புல்லிற் படுக்கவிடாமல் தூளி கட்டலாம்.

எலி ஒழிப்பு வேலை செய்யும் ஊர்களில், வளைக்கு மருந்திடுவதோடு நிற்காமல் வரப்புக் களையையும் கூடவே அகற்ற வேண்டும். எலி செத்தாலும் அதன் மேலிருந்த பேனின் வம்சம் அம்மண்ணிலேயே இருக்கின்றது. ஏறுவதற்கு வேறு உடம்பைத் தேடிப் புல் நுனியிற் காத்திருக்கும்.

புல்லறுப்பவர்கள் வேலை முடிந்து வந்தவுடன் உடுத்த துணியைக் களைந்து சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளிப்பது நல்ல காப்பு. குஞ்சு உடம்பில் ஏறியவுடனே கடித்து விடுவதில்லை. இடந்தேடி ஊர்ந்து திரியும்போதே தேய்த்துக் கழுவிவிடலாம். அந்தத் துணியோடே படுத்துறங்குவது அதற்கு இரவு முழுவதும் அவகாசம் கொடுப்பதாகும். கூலியாட்கள் மாற்றுத் துணிக்கும் தண்ணீருக்கும் எங்கே போவார்கள் என்பது நியாயமான கேள்வி. மோட்டார்க் கொட்டகையருகே ஒரு மறைப்புக் கட்டிக் குளிக்க வசதி செய்து கொடுப்பது நிலக்காரர்களுக்குப் பெரிய செலவன்று.

சுரம் கண்டு மூன்று நாளில் தணியாவிட்டால் தாமதியாமல் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். போனவர் 'சுரம்' என்று மட்டும் சொல்லாமல், சென்ற மூன்று வாரத்திற் புல்லறுத்தது, விறகு பொறுக்கியது, வரப்பு வெட்டியது முதலியவற்றையும், பொருக்கு ஏதேனும் கண்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். டாக்ஸிசைக்ளின் வைத்தியர் சொற்படி உண்ணத்தக்கது. தொடங்கிய இரண்டு நாளில் சுரம் இறங்குவது வழக்கமாதலால், இறங்கிவிட்டதென்று பாதியில் நிறுத்திவிடலாகாது. கர்ப்பிணிகளுக்கு இதற்குப் பதிலாக அஸித்ரோமைசின் கொடுக்கப்படுகின்றது. ஆதலால் கர்ப்பமாயிருப்பதை முதலிலேயே தெரிவிப்பது அவசியம். பெனிசிலின் இனத்து மருந்துகள் இக்கிருமியிடம் பலிப்பதில்லை. கடையிற் கேட்டு வாங்கிய ஏதோ ஒரு மாத்திரையால் நான்கு நாளைப் போக்குவது அந்த நான்கு நாளையும் கிருமிக்குக் கொடுத்ததாகும்.

இந்நோய்க்குத் தடுப்பூசி இன்னும் கிடையாது. கிருமியில் பல வகைகள் இருப்பதாலும், ஒருமுறை வந்ததால் உடம்பு பெறும் பாதுகாப்பு நெடுநாள் நில்லாமையாலும், சென்ற வருஷம் சுரம் கண்டு தேறியவருக்கு இந்த வருஷமும் வரலாம்.