இடைவழியில் ஒரு மாணவர்

கல்வியின் பொருட்டு வேற்றுநாடு செல்லும் மாணவர்க்குப் புறப்படும்போது ஊக்கம் மிகும். திரும்பும்போது மகிழ்ச்சி மிகும். இவ்விரண்டிற்கும் நடுவே, புதுமை தேய்ந்து, முடிவும் கண்ணுக்குப் புலப்படாத ஒரு காலம் உண்டு. ‘நாம் வந்தது எதற்கு? இதுவரை செய்தது என்ன?’ என்னும் வினாக்கள் அப்போது உள்ளத்தை அரிக்கும். அக்காலத்தை அறிவோடு கடந்து உயர்ந்த தமிழருள் ஒருவர் விண்ணியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் லாகூரில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று சிறந்தார். அரசாங்கத்தின் உதவிச் சம்பளம் கிடைக்கவே, கேம்பிரிட்ஜில் மூன்றாண்டு ஆராய்ச்சி செய்யும் வாய்ப்பு வந்தது. ஆனால், அன்னையார் சீதாலட்சுமி அப்போது கடும் நோயுற்றிருந்தார். அவர், இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் பெயர்த்த கல்வியறிவுடையவர். தம் நோய் மகனின் கல்விக்குத் தடையாதல் கூடாது என்று அவரே விடைகொடுத்தனுப்பினார்.

1930ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் சந்திரசேகர் பம்பாயில் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 19. எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி வெண்குறு விண்மீன் ஆகும் என்பதை அறிஞர் அறிந்திருந்தனர். அங்ஙனம் நிலைபெறுவதற்கு ஓர் எல்லை உண்டென்பதைக் கப்பலிலேயே கணக்கிட்டு அவர் உணர்ந்தார். சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு நிறையே அவ்வெல்லை என்று இன்று கொள்ளப்படுகிறது.

கேம்பிரிட்ஜில் அக்கண்டுபிடிப்பை அவ்வளவாகப் பொருட்படுத்துவார் இல்லை. சென்னையில் முதன்மை பெற்று விளங்கியவர், டிராக், எடிங்டன் முதலிய பேரறிஞர் நடுவே தம்மைச் சிறியராக உணர்ந்தார். 1930இல் அவருடைய சிறிய தந்தையார் சி. வி. இராமன் நோபல் பரிசு பெற்றார். அப்பெருமையும் இளைஞர்மீது ஒரு பொறுப்பாகவே அமைந்தது. 1931ஆம் ஆண்டு மே மாதத்தில் அன்னையார் மறைந்தார். மகன் கடலுக்கு அப்பால் இருந்தார். இறுதியாக ஒருமுறை காணவும் இயலவில்லை. அத்துயரோடும் அவர் அக்கோடையில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகருக்குச் சென்று பயின்றார்.

இரண்டாம் ஆண்டில் மனக்கலக்கம் முற்றியது. விண்மீன் ஆராய்ச்சியை விட்டுப் புதிய இயற்பியலுக்கோ தூய கணிதத்திற்கோ செல்லலாமா என்று தம்மையே வினவிக்கொண்டார். டிராக்கின் அறிவுரைப்படி 1932இல் கோபன்ஹேகன் நகருக்குச் சென்று, நீல்ஸ் போர் என்னும் பேரறிஞரின் ஆராய்ச்சிக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே டிராக் சுட்டிய அரிய வினா ஒன்றிற்கு விடை கண்டதாகக் கருதிக் கட்டுரை வரைந்தார். அங்கிருந்த அறிஞரும் அதனைச் சரியென்றே எண்ணினர். டிராக் மட்டும் அதிலுள்ள பிழையைக் கண்டு எடுத்துரைத்தார். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. பல மாத உழைப்பு வீணாயிற்று. உதவிச் சம்பளக் காலமோ முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது.

சந்திரசேகர் பிழையை மறைக்கவில்லை. பிறரைக் குறைகூறவும் இல்லை. தமக்கு இயல்பாக வருவது யாது என்று அமைதியாக எண்ணிப் பார்த்தார். அந்நிலையில் பெல்ஜிய நாட்டு லியேழ் நகரத்தார், விண்மீன்களைப்பற்றிச் சொற்பொழிவாற்ற அவரை அழைத்துப் பாராட்டினர். தாம் விட்டுவிட எண்ணிய துறையே தமக்குரிய துறை என்பது தெளிவாயிற்று. சுழலும் விண்மீன்களின் வடிவத்தை ஆராய்ந்து, 1933இல் டாக்டர் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே டிரினிடிக் கல்லூரி அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அவருக்கு முன் அச்சிறப்பைப் பெற்ற இந்தியர் கணித மேதை இராமானுஜன் ஒருவரே. விண்மீன்களின் அமைப்பையும் வளர்ச்சியையும் பற்றிய ஆராய்ச்சிக்காக, 1983இல் அவருக்கு நோபல் பரிசும் வந்தெய்தியது.

நெடுவழி நடப்போன் இடையே நின்று, கடந்து வந்த தொலைவை நோக்குதல் சோம்பல் ஆகாது. சென்ற திசை சரியா என்று ஆராய்வதற்கு அஃது உதவும். ஐயம் கொள்வது குற்றமன்று. ஐயத்திலேயே தங்கிவிடுவதுதான் குற்றம். வேறு வழியில் சில காலம் நடந்து பார்த்தமையால் சந்திரசேகர் தம் வழியை மேலும் உறுதியாக அறிந்தார். கற்கப் புகுந்த ஒவ்வொரு மாணவர்க்கும் இஃது ஏற்ற பாடமாகும்.

வினாக்கள்

1. கப்பற் பயணத்தின்போது சந்திரசேகர் உணர்ந்த உண்மை யாது?
2. இரண்டாம் ஆண்டில் அவருக்கு மனக்கலக்கம் மிகுந்தமைக்குரிய காரணங்களை எழுதுக.
3. ‘ஐயத்திலேயே தங்கிவிடுவதுதான் குற்றம்’: இக்கூற்றைச் சந்திரசேகர் வாழ்க்கையைக் கொண்டு விளக்குக.